பெருங்காய டப்பாவில் எழுதாதது

“ம்மா, இத நான் சாப்பிடலாமா?”

என் மகள் இதைக் கேட்காத நாள் இல்லை. அவளுக்கு எட்டு வயது. பக்கத்து வீட்டில் கொடுத்த சுண்டலாக இருக்கும், கோயிலில் தொன்னையில் வாங்கிய புளியோதரையாக இருக்கும், கூடப் படிக்கும் பிள்ளையின் பிறந்தநாள் மிட்டாயாக இருக்கும். மற்ற பிள்ளைகள் நடந்துகொண்டே வாயில் போட்டுக்கொள்வார்கள். இவள் உள்ளங்கையில் வைத்து, சிந்தாமல், என்னிடம் எடுத்து வருவாள். முதலில் பொருளைக் காட்டுவாள். பிறகு என் முகத்தைப் பார்ப்பாள்.

எனக்குப் பதில் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு ஒரு நர்சரிப் பள்ளியில் கொஞ்ச காலம் பாடம் நடத்தியவள் நான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத வயதில் இருந்த பிள்ளைகளுக்கு “எதையும் படிச்சுப் பார்த்துத் தெரிஞ்சுக்கணும்” என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நான் எல்லாவற்றையும் படித்துத்தான் பார்க்கிறேன். எழுதியிருந்தால்தானே தெரியும்?

எங்கள் வீடு பெரம்பலூரில், பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் இருக்கிறது. கணவருக்கு அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை. ஷிஃப்டுக்குத் தகுந்தபடி பஸ் ஏறிப் போய் வருவார். அப்போது மாமியாரும் எங்களோடு இருந்தார்.

மகள் இரண்டு வயது வரை நன்றாகத்தான் இருந்தாள். பால்குடி மறந்து, டீயில் நனைத்த பிஸ்கட்டும் ரவை உப்புமாவும் சாப்பிடத் தொடங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தாள். கை கால் குச்சியாயின. வயிறு மட்டும் பானை போல முன்னால் வந்தது. அடிக்கடி பேதி. தெருவில் பார்ப்பவர்கள் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

“சவலப் புள்ளையாட்டம் இருக்கே. அடுத்தது உண்டாயிருக்கியா?”

நான் உண்டாகியிருக்கவில்லை. அதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனேன். பூச்சி மருந்து கொடுத்தோம். டானிக் கொடுத்தோம். மந்திரித்துக் கயிறு கட்டினோம். ஏலாக்குறிச்சி மாதாவுக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னார்கள். போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தோம். ஒன்றுக்கும் அசையவில்லை.

இவை எல்லாவற்றுக்கும் நடுவே, விடாமல் தினமும் கொடுத்த ஒன்று பெருங்காயம். வயிற்றுக்குப் பெருங்காயம் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டாத விஷயம். வயிறு உப்பினால் மோரில் பெருங்காயத்தைக் கரைத்து உப்புப் போட்டுக் கொடுப்போம். பேதி என்றால் வேறு எதுவும் கொடுக்காமல் குழைந்த சோறும் ரசமும் கொடுப்போம். அந்த ரசத்தில் பெருங்காயம் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். ஒரு நாள் நான் மறந்துவிட்டால் மாமியார் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

“பெருங்காயம் இல்லாத ரசம் ரசமாடி? இது வெந்நி. இத வெச்சுக் குளிக்கலாம்.”

மகளுக்கு ஐந்து வயதானபோது திருச்சியில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனோம். வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலிலிருந்து துளி சதை எடுத்துச் சோதனை செய்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் எங்களை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார்.

“கோதுமையில இருக்குற ஒரு சத்து இவ குடலுக்கு ஆகாது. உள்ள போனா குடலையே அரிச்சிடும். கோதுமை, மைதா, ரவை, சேமியா, பன்னு, பிஸ்கட் எதுவும் ஆயுசுக்கும் கூடாது. ஒரு சிட்டிகை கூடக் கூடாது. இதுக்கு மருந்து மாத்திரை கிடையாது. சாப்பாடுதான் மருந்து.”

நான் அழுதுவிட்டேன். அவர் சிரித்தார்.

“ஏம்மா அழறீங்க? சப்பாத்தி திங்கற ஊர்ல இந்த நோய் வந்தாத்தான் கஷ்டம். நீங்க மூணு வேளையும் அரிசி சாப்பிடறவங்க. உங்களுக்கு ரொம்ப ஈஸி.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது மனம் இலேசாக இருந்தது. சோறு போட்டால் போதும், பிள்ளை பிழைத்துக்கொள்ளும். இதைவிட ஒரு தாய்க்கு என்ன வேண்டும்? வீட்டுக்கு வந்ததும் கோதுமை மாவு, ரவை, சேமியா, பிஸ்கட் டின் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டில் கொடுத்தேன். மாமியாருக்குச் சர்க்கரை வியாதி. இரவில் சப்பாத்திதான் சாப்பிடுவார். அவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது அவரே சப்பாத்திக் கட்டையை எடுத்துப் பரணில் போட்டார்.

“எனக்கென்ன, ஒரு வாய் கேப்பக்களி தின்னுட்டுப் படுத்துக்கறேன். புள்ளைய விடவா சப்பாத்தி பெருசு?”

இதை நான் இங்கே எழுதி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் நடந்ததைப் படிக்கும்போது அவர் சொன்ன இந்தச் சொல்லை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

முதலில் தேறினாள். பேதி குறைந்தது. கன்னத்தில் சதை வைப்பது போலத் தெரிந்தது. நான் தினமும் குளிப்பாட்டும்போது அவள் விலா எலும்புகளைத் தடவிப் பார்ப்பேன். பிறகு தேறுவது நின்றுவிட்டது. மீண்டும் வயிறு உப்பியது. “வலிக்குதும்மா” என்று சுருண்டு படுப்பாள். நாங்கள் என்ன செய்வோம்? பெருங்காய மோர் கொடுத்தோம். பெருங்காயத்தைக் குழைத்துச் சூடு காட்டித் தொப்புளைச் சுற்றிப் பற்றுப் போட்டோம். குழைந்த சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்து கொடுத்தோம்.

அடுத்த முறை திருச்சிக்குப் போனபோது டாக்டர் சிரிக்கவில்லை.

“இன்னும் உள்ள போயிட்டிருக்கு. யாரோ குடுக்கறாங்க. உங்களுக்குத் தெரியாம யாரோ புள்ளைக்கு பிஸ்கட் குடுக்கறாங்க. வீட்ல கேளுங்க.”

வீட்டில் மொத்தம் நான்கு பேர். மகளைக் கழித்தால் மூன்று. பஸ்ஸில் திரும்பினோம். நான் எங்கே தவறினேன் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ஓட்டல் பொங்கல் ஒரு முறை வாங்கிக் கொடுத்தேனே, அதில் ரவை கலந்திருக்குமோ? நான் பிஸ்கட் சாப்பிட்ட கையோடு ஊட்டினேனோ? அவர் என்ன யோசித்தார் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

மகளை மடியில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டார்.

“அப்பா அடிக்க மாட்டேன். நெஜத்தச் சொல்லு. யாரு பிஸ்கட் குடுத்தா?”

“யாரும் குடுக்கல.”

“ஸ்கூல்ல யாராவது?”

“இல்லப்பா.”

“கடையில வாங்கித் தின்னியா?”

“இல்ல.”

“அப்பறம் எப்படிடா தங்கம் வயிறு வலிக்குது? அப்பத்தா குடுத்தாங்களா?”

“இல்ல.”

“யோசிச்சுச் சொல்லு. அப்பத்தா பாவம்னு ஒரு துண்டு குடுத்தாங்களா?”

அவள் சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இந்தக் கேள்விகள் நிற்க வேண்டும் என்பது மட்டும்தான் அந்த முகத்தில் இருந்தது. எனக்கு அது தெரிந்தது. ஆனாலும் தெரிந்ததா, இல்லை பிறகு அப்படித் தோன்றியதா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

“ம்” என்றாள்.

மாமியார் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கையிலிருந்த கீரைக்கொத்து அப்படியே நின்றது.

“நானா குடுத்தேன்? என் கண்ணு, இங்க வா. அப்பத்தாவப் பாத்துச் சொல்லு. நானா குடுத்தேன்?”

மகள் என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

மாமியார் கீரையை முழுவதும் ஆய்ந்து முடித்துச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்தார். இரண்டு புடவைகளை ஒயர்கூடையில் வைத்தார். கணவர் வாசலில் போய் நின்றுகொண்டார்.

“அத்த, இருங்க. சின்னப் புள்ள ஏதோ சொல்லுது” என்றேன்.

“சின்னப் புள்ள சொன்னதுக்கு நான் போவலடி. பெரியவன் கேட்டான் பாரு, அதுக்குப் போறேன். அரியலூர்ல எம் மவ வூடு இருக்கு. இங்க இருந்தா புள்ளைக்கு வெஷம் வெச்சவன்னு ஊர் சொல்லும்.”

அன்று மாலை மகளுக்கு வயிறு வலித்தது. ரசத்தில் பெருங்காயம் தூக்கலாகப் போட்டேன்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து ஒரு காலை நேரம். ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. அவசரத்தில் ஈரக் கரண்டியைப் பெருங்காயத் தூள் டப்பாவுக்குள் விட்டுவிட்டேன். எடுத்தபோது தூள் கரண்டியில் அப்பியிருந்தது. விரலால் வழித்தேன். வரவில்லை. விரலில் ஒட்டிக்கொண்டு இழுத்தது. பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு அட்டை போட வருஷா வருஷம் நான் காய்ச்சும் மைதாப் பசை இப்படித்தான் விரலில் ஒட்டும். சினிமா போஸ்டர் ஒட்டுகிறவர்கள் வாளியில் வைத்திருப்பதும் அதே பசைதான்.

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் பெரிய தமிழ் எழுத்தில் மணம், சுவை, பாரம்பரியம் என்றெல்லாம் போட்டிருந்தது. பக்கவாட்டில், எறும்பு வரிசை போன்ற ஆங்கில எழுத்தில், பெருங்காயத்துக்கு முன்னால் இன்னொரு பெயர்: எடிபிள் ஸ்டார்ச். சாப்பிடத்தக்க மாவு. எதன் மாவு? யார் சாப்பிடத்தக்க மாவு?

மருந்துக் கடைக்குப் போய் டிஞ்சர் அயோடின் வாங்கி வந்தேன். மாவில் அயோடின் பட்டால் நீலமாக மாறும் என்று கல்லூரியில் செய்து பார்த்திருக்கிறேன். பெருங்காயத் தூளை ஒரு தட்டில் கொட்டி ஒரு சொட்டு விட்டேன். நீலத்தையும் தாண்டிக் கறுப்பாகிவிட்டது. மாவு இருப்பது உறுதி. ஆனால் அரிசி மாவுக்கும் கறுக்கும், மைதாவுக்கும் கறுக்கும். மரவள்ளிக்கிழங்கு மாவுக்கும் கறுக்கும். என் படிப்பு அந்தத் தட்டோடு முடிந்துவிட்டது.

டப்பாவை எடுத்துக்கொண்டு மளிகைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் லப்பைக்குடிக்காட்டுக்காரர். எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அங்கேதான் வாங்குகிறேன்.

“பாய், இந்தப் பெருங்காயத்துல என்ன இருக்கு?”

“பெருங்காயத்துல பெருங்காயந்தாம்மா இருக்கும். புளியா இருக்கும்?”

கடையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். “டீச்சரம்மா இன்னும் பரீட்ச வெக்கிறத வுடல” என்றாள் ஒருத்தி. எனக்கு முகம் சிவந்தது. இருந்தாலும் அங்கிருந்து நகரவில்லை. மகளின் வியாதியைச் சொன்னேன். கேட்கக் கேட்க பாய் முகம் மாறியது.

“அந்த டப்பாவுலயே போன் நம்பர் இருக்கே, கேட்டுப் பாருங்களேன்” என்றார்.

பக்கத்திலேயே எஸ்.டி.டி. பூத். போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

“என்ன மாவு போடறீங்கன்னு தெரியணும்.”

“மேடம், நீங்க டீலரா?”

“இல்ல. வாங்கிச் சாப்பிடறவ.”

“டேஸ்ட்ல ஏதாவது கம்ப்ளெயிண்டா மேடம்?”

“டேஸ்ட் நல்லா இருக்கு. என்ன மாவுன்னு மட்டும் சொன்னாப் போதும். எங்க பொண்ணுக்கு ஒடம்பு சரியில்ல.”

“அது கம்பெனி ஃபார்முலா மேடம். கஸ்டமருக்கெல்லாம் சொல்றதில்ல. நல்ல குவாலிட்டி மேடம், தைரியமாக் குடுங்க.”

வெளியே வந்தபோது பாய் கடையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. “இருங்கம்மா, எங்கிட்ட சொல்லுவான்” என்று கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த போனை எடுத்தார். சரக்குப் போடும் ஏஜென்ஸிக்காரரிடம் பேசினார்.

“என்னப்பா, பெருங்காயம் கட்டி தட்டுதுன்னு ஜனங்க சத்தம் போடறாங்க. என்ன மாவு கலக்குறீங்க? ... மைதாவா? ... ம். கட்டியா விக்கிறோமே, அதுலயுமா? ... சரி. எப்பவும் மைதாதானா? ... ஓ. அரிசி மாவும் போடறதுண்டா. எந்த லாட்ல எதுன்னு எப்படிப்பா தெரியும்? ... சரி சரி, வெச்சுடறேன்.”

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் துணியால் தராசுத் தட்டைத் துடைத்தார்.

“எங்க வாப்பா காலத்துலேர்ந்து விக்கிறோம்மா. அல்லா மேல சத்தியமா எனக்கு இது தெரியாது.”

“வேற கம்பெனிது?”

“எல்லாத்துலயும் ஏதோ ஒரு மாவு உண்டாம். மாவு இல்லாம பெருங்காயமே வராதாம். என்ன மாவுங்கறது அவனுக்கே தெரியாதுங்கறான்.”

விற்கிறவர் கேட்டால் ஒரு நொடியில் பதில் வருகிறது. சாப்பிடுகிறவள் கேட்டால் ஃபார்முலா. இதை நான் அன்று யோசிக்கவில்லை. அன்று யோசித்தது வேறு. வயிறு வலித்ததால் பெருங்காயம் கொடுத்தோம். பெருங்காயம் கொடுத்ததால் வயிறு வலித்திருக்கிறது. தினமும், இரண்டு வேளை, என் கையால், பிசைந்து, ஆற வைத்து, ஊதி ஊட்டியிருக்கிறேன். உள்ளே போனது சிட்டிகையில் ஒரு பங்குதான். ஆனால் சிட்டிகை கூடக் கூடாது என்றுதானே சொன்னார்கள்?

திருச்சி டாக்டரிடம் சொன்னேன். அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

“பெருங்காயத்துலயா? அப்படியா! இது எனக்குத் தோணவே இல்லையே. நிறுத்திடுங்க.”

“வேற எதுலல்லாம் இருக்கும் சார்?”

“டப்பாவப் படிச்சுப் பாத்து வாங்குங்கம்மா.”

நான் அவர் மீது குற்றம் சொல்லவில்லை. அவர் வீட்டு டப்பாவிலும் அதே எறும்பு எழுத்துதான் இருந்திருக்கும்.

கணவர் மறுநாளே ஷிஃப்டு முடிந்ததும் அரியலூரில் தங்கை வீட்டுக்குப் போய்த் தன் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார். நடந்ததை எல்லாம் சொல்லியிருக்கிறார். மாமியார் கேட்டுவிட்டுச் சொன்னாராம்:

“இப்ப பெருங்காயமா குத்தவாளி? நாளைக்கு உப்பும்பீங்க. அப்பறம் தண்ணிம்பீங்க. எதுவும் அம்புடலன்னா மறுபடி என்னம்பீங்க. நான் இங்கயே கெடக்கறேன்.”

அவர் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. விசேஷங்களில் பார்க்கிறோம். பேத்தியைத் தடவிக்கொடுப்பார், தலை பின்னிவிடுவார். தன் கையால் ஒரு பருக்கை ஊட்ட மாட்டார்.

பெருங்காயம் இல்லாத ரசம் உண்மையிலேயே வெந்நீர் மாதிரிதான் இருந்தது. பூண்டையும் சீரகத்தையும் நசுக்கிப் போட்டுச் சமாளித்தேன். மகள் தேறினாள். இந்த முறை நின்று தேறினாள். முதல் தடவையாக ஒரு பாவாடை அவளுக்குக் குட்டையாகப் போனது. அந்தப் பாவாடையை நான் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று தெரிந்துவிட்டால் அதோடு நிற்பதில்லை. இடியாப்பத்துக்கு அரிசி அரைக்க மாவு மில்லுக்குப் போவேன். எனக்கு முன்னால் ஒருவர் ரேஷன் கோதுமை அரைத்துக்கொண்டிருப்பார். அவர் மாவு வாளியில் விழுந்து முடிந்ததும் என் அரிசியைக் கொட்டுவார்கள். அந்த மெஷினுக்குள் மிச்சமிருக்கும் கோதுமை மாவு எங்கே போகும்? என் வாளிக்குத்தான் வரும். இத்தனை வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றவள்தான் நான். காலையில் முதல் அரவை எனக்குக் கொடுங்கள் என்று மில்காரரிடம் கேட்டேன். நல்ல மனிதர், சரி என்றார்.

“அண்ணே, நேத்து கடைசியா என்ன அரைச்சீங்க?”

“அது யாருக்கும்மா ஞாபகம்? அரிசி, கோதும, மொளகா, எல்லாந்தான் அரைச்சோம்.”

கடையில் வாங்கும் மிளகாய்த் தூள், சாம்பார்ப் பொடி, அப்பளம் ஒவ்வொன்றையும் பாயிடம் கேட்பேன். அவரும் முகம் சுளிக்காமல் போன் போடுவார். பாதிக்குப் பதில் வரும். வந்த பதிலும் அடுத்த சரக்குக்குச் செல்லாது. கடைசியில் ஒரு நாள், “இனிமே எங்கிட்ட கேக்காதீங்கம்மா” என்றார். கோபத்தில் சொல்லவில்லை. “நான் பாட்டுக்கு இல்லன்னு சொல்லி, அதுல இருந்து தொலச்சா, புள்ள பாவம் எனக்கில்ல வந்து சேரும்?”

சென்ற வருஷம் நாத்தனார் மகனுக்குக் காதுகுத்து. வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் குலசாமி கோயிலில் பந்தல் போட்டுச் சமைத்தார்கள். நான் மகளுக்குத் தனியாகச் சோறும் பருப்பும் டிபன் பாக்ஸில் கொண்டுபோயிருந்தேன். நாத்தனார் அதைப் பார்த்துவிட்டாள்.

“ஏன் அண்ணி, எங்க சோத்துல என்ன வெஷமா கலந்திருக்கோம்? மொதல்ல எங்கம்மாவச் சொன்னீங்க. இப்ப என் அடுப்பச் சொல்றீங்களா?”

“அப்படியில்ல, பெருங்காயம்...”

“ஊரே திங்குது பெருங்காயம். உங்க வூட்டு மகாராணிக்கு மட்டும் ஆவாது.”

சமையல்காரரிடம் போய் மெதுவாக விசாரித்தேன். அவர் நான் பாராட்ட வந்ததாக நினைத்துக்கொண்டார். “வாசன மெயின் ரோடு வரைக்கும் அடிக்குதுல்ல? பெருங்காயத்துல நான் கஞ்சத்தனமே பண்ண மாட்டேன்மா” என்றார்.

பந்தியில் மகள் தன் அப்பத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் என் டிபன் பாக்ஸ். எல்லார் இலையிலும் அப்பளம் பரிமாறிக்கொண்டே வந்தவர் இவள் கையிலும் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அவளுக்கு அப்பளம் என்றால் உயிர். அதைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

“அப்பத்தா, இத நான் சாப்பிடலாமா?”

மாமியார் கை இலையிலேயே நின்றது. “எனக்குத் தெரியாதுடி தங்கம். உங்கம்மாவக் கேளு.”

மகள் என்னைப் பார்த்தாள். பந்தியே என்னைப் பார்த்தது. நாத்தனார் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டு பார்த்தாள். அப்பளம் உளுந்து மாவில் செய்வது. அதில் மைதா கலக்கிறார்களா, பெருங்காயம் போடுகிறார்களா என்று அந்தப் பந்தலில் யாருக்கும் தெரியாது. அந்த அப்பளத்தை வாங்கியவருக்கும் விற்றவருக்கும் தெரிந்திருக்காது.

“சாப்பிடு” என்றேன்.

அவள் தயங்கவே இல்லை. அம்மா சொல்லிவிட்டாள் அல்லவா? ஓரத்திலிருந்து கொறித்துக் கொறித்து, துணுக்கு கூட விடாமல் சாப்பிட்டாள். மாமியார் அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து வயிறு உப்பியது. வாரக்கணக்கில் படுத்தாள். அப்பளம்தானா, இல்லை அதற்கு முந்தைய நாள் நான் வீட்டில் கொடுத்த வேறு ஏதாவதா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. எது என்று தெரிந்தால் அதை விலக்கிவிடலாம். தெரியாவிட்டால் எதை விலக்குவது?

அதிலிருந்து அவள் கேட்பது மாறிவிட்டது. இப்போது இரண்டு தடவை கேட்கிறாள்.

“ம்மா, இத நான் சாப்பிடலாமா?”

“சாப்பிடலாம்.”

“நெஜமா தெரியுமாம்மா?”

போன மாதம் முதல் என் சமையலையும் கேட்கத் தொடங்கியிருக்கிறாள். “மஞ்சத் தூள்ல என்ன இருக்கும்?” “மஞ்சள்.” “பெருங்காயத்துலயும் பெருங்காயம்னுதானம்மா சொன்னாங்க?” சோற்றில் உப்புப் போட்டுச் சாப்பிடுகிறாள். தோலை உரித்தால் உள்ளே யாரும் எதையும் கலந்திருக்க முடியாது என்பதால் வாழைப்பழம் சாப்பிடுகிறாள். குழம்பை ஒதுக்கிவிடுகிறாள். கோபித்துப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். கணவர் ஒரு நாள் அடித்தே விட்டார். அடி வாங்கிக்கொண்டு, அழுதுகொண்டே, “தெரியாதத எப்படிப்பா திங்கறது?” என்றாள். அவர் கையைப் பிசைந்துகொண்டு வெளியே போய்விட்டார். விலா எலும்புகள் மறுபடி கைக்குத் தட்டுப்படுகின்றன. எடை ஏறியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வளர்த்தி நின்றுவிடும் என்கிறார் டாக்டர்.

வெளியே எங்கேயும் சாப்பிடாமல் இருந்துவிடலாம். ஆனால் வீட்டில் சமைப்பதற்கும் எல்லாமே வெளியே இருந்துதான் வருகிறது.

இதைப் படிக்கிறவர்களில் இப்படி ஒரு பிள்ளையை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். வளர்த்து ஆளாக்கியவர்களும் இருக்கலாம். உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தெரியாது என்று உண்மையைச் சொன்னால் என் மகள் சாப்பிட மாட்டாள். தெரியும் என்று சொல்லி ஊட்டினால், அது ஒரு நாள் பொய்யாகும்போது என் கையையும் நம்ப மாட்டாள். நாளைக் காலையில் தட்டைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். அப்போது நான் என்ன சொல்ல வேண்டும்? நீங்கள் உங்கள் பிள்ளையிடம் என்ன சொன்னீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.